பூண்டு போட்ட சைவம்

6.10.86 திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. நேற்றுத் துவைத்த வேட்டி இன்னும் ஈரம். பின்பக்கக் கூரையில் மறுபடி ஒழுகல், வாளி வைத்தாயிற்று. ஆளைக் கூப்பிட வேண்டும். போன மழைக்கும் இதையேதான் எழுதியிருப்பேன், புரட்டிப் பார்க்கத் தெம்பில்லை.

வெளியே பரவாயில்லை. இடி மின்னல் எல்லாம் வீட்டுக்குள்ளே.

நேற்று செல்வம் கிள்ளானிலிருந்து வந்திருந்தான். ஒரே பையன். வாரம் முழுக்க அங்கே வாடகை அறை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டுப் போவான். நேற்றும் சாப்பிட்டான். கை கழுவினான். துடைக்காமல் நின்றபடியே சொல்லிவிட்டான்.

"மா, நான் ஒரு பொண்ணப் பாத்திருக்கேன். பேரு நொய். ஹாட்யாய்ல இருக்கா."

ஹாட்யாய் என்றால் எல்லைக்கு அந்தப் பக்கம், தாய்லாந்து. இவன் கம்பெனி லோரி அங்கே சரக்கு கொண்டு போகும், கணக்குப் பார்க்க இவனும் கூடப் போவான். அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு அங்கே பஸ் நிலையத்துப் பக்கம் சாப்பாட்டுக் கடை. பசிக்குப் போன இடத்தில் மனசை வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

என் மனைவி சிவகாமி (இனி சி., முழுப் பெயர் எழுதவே இப்போது பயமாக இருக்கிறது) அவன் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தேய்க்க ஆரம்பித்தாள். வெகுநேரம். ஒரே தட்டை.

அடுத்த வெடி என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் போட்டான். ஹாட்யாயிலேயே ஒரு டூர் பஸ் கம்பெனியில் வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம். "நீங்க ரெண்டு பேரும் ஒத்துக்கலேன்னா நான் அங்கேயே போயிடறேன் பா. மாசக் கடைசிக்குள்ள அவங்களுக்குப் பதில் சொல்லணும்." மிரட்டலாகச் சொல்லவில்லை. மிரட்டுகிற குரல் வேறு, முடிவு பண்ணிவிட்ட குரல் வேறு. கோர்ட்டில் ஆயுசு முழுக்க மொழிபெயர்ப்பாளனாக நின்றவன் நான். தமிழ், மலாய், இங்கிலீஷ். குரல் கேட்டுப் பிழைத்தவன்.

பெண் இந்த வாரம் இங்கே கோலாலம்பூரில்தான் இருக்கிறாளாம். அம்பாங்கில் அத்தை வீடு, அங்கே ஏதோ சீனக் கோயில் திருவிழா. சனிக்கிழமை மதியம் சாப்பிடக் கூட்டி வரட்டுமா என்று கேட்டான். சி.யைக் கேட்காமலே சரி என்றேன்.

இன்று காலை தீர்ப்பு வந்தது.

"வரட்டும். வேணாம்னு நானா சொன்னேன்? ஆனா அவளுக்குன்னு நான் அடுப்புல கை வைக்க மாட்டேன். புரட்டாசி மாசம், நவராத்திரி வேற. மீன் தண்ணிய ஊத்திச் சமைக்கிற ஊரு அது. கூப்பிட்டவங்க யாரோ, அவங்களே சமைச்சுப் போடட்டும்."

கூப்பிட்டது நான்.

"சரி, நானே சமைக்கிறேன்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

7.10 செவ்வாய்

மழை இல்லை, புழுக்கம். கரண்ட் பில் கட்டியாயிற்று. கண்ணாடியின் ஒரு கால் ஆடுகிறது.

எனக்குத் தெரிந்த சமையல்: வெந்நீர். மைலோ. அவித்த முட்டை. மூன்றில் எதுவும் சனிக்கிழமைக்கு ஆகாது. செல்வத்துக்கு ஆபீசுக்கே ஃபோன் போட்டேன்.

"அவங்க கடையில காய்கறி வறுவல் ஒண்ணு இருக்கு பா. ஃபட் பாக்னு பேரு. ரொம்ப சிம்பிள் லா. நீங்களே செஞ்சிடலாம்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க அம்மா செய்றப்ப பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேனே."

நின்றது யார் பக்கத்தில் என்று நான் குறுக்கு விசாரணை செய்யவில்லை.

அவன் சொல்லச் சொல்ல எழுதியது:

குவாலி (சீன வாணலி) நன்றாகக் காய வேண்டும், புகை வரும்வரை.
எண்ணெய். பூண்டு நிறைய, தட்டிப் போட. ("அதுதான் பா வாசனையே.")
சிவப்பு மிளகாய், கீறி.
கேரட், காலிஃபிளவர், குட்டிச் சோளம், கைலான் கீரை.
தௌச்சு ஒரு கரண்டி. சீனர் கடையில் போத்தலில் இருக்கும், உப்புப் போட்டுப் புளிக்கவைத்த சோயா.
மீன் சாறு. கூடாது!! பதிலுக்கு கிச்சாப், கறுப்பு சோயா சாறு.
சீனி துளி.
தண்ணீர் கொஞ்சம் தெளித்து உடனே இறக்கு.

"மீன் சாறு இல்லேன்னா அந்தப் பொண்ணு சாப்பிடுமா?"

"அதெல்லாம் கவலைப்படாதீங்க. அவ இந்த வாரம் சைவம்தான்."

சைவம்! ஃபோனை வைத்ததும் நேரே சி.யிடம் போனேன். சாமி விளக்கைத் துலக்கிக்கொண்டிருந்தாள். "கேட்டியா, அந்தப் பொண்ணு சைவமாம்" என்றேன். தலையைத் தூக்காமல், "எந்த ஊரு சைவம்?" என்றாள்.

இது ஒரு கேள்வியா? சைவம் என்றால் சைவம். கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. கோர்ட்டில் எத்தனையோ சொற்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். 'மானம்' என்று ஒரு கிழவர் சொன்னதை இங்கிலீஷில் சொல்ல முடியாமல் நீதிபதி முன்னால் வேர்த்து நின்றிருக்கிறேன். ஆனால் சைவம் அப்படிப்பட்ட சொல் இல்லை. குழந்தைக்கும் தெரியும்.

கிச்சாப், தௌச்சு வாங்கியாயிற்று. தௌச்சு போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். முகர்ந்திருக்க வேண்டாம்.

8.10 புதன்

மேகமூட்டம். காலையில் பாசார். காய்கறி விற்கும் சீன ஆன்டிக்குத் தமிழ் வரும், சி.யோடு பேசிப் பேசிப் பழகியது. என்னைக் கண்டதும் கவலையாகிவிட்டாள்.

"அண்ணே, அக்கா சுகமில்லையா?"

"நல்லா இருக்காங்க. நான்தான் சமைக்கப் போறேன்."

பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். கைலான், கேரட், காலிஃபிளவர் எல்லாம் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் சும்மா ஒரு கொத்து கறிவேப்பிலை போட்டாள். வேண்டாம் என்றேன். ஒரு தமிழன் கறிவேப்பிலை வேண்டாம் என்று சொல்லி அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது. மறுபடி போட்டுவிட்டாள்.

முதல் ஒத்திகை, மதியம். எண்ணெய் காய்ந்தது. அடுத்து என்ன என்று தாளைப் பார்ப்பதற்குள் கை தானாகப் போய்க் கடுகு டின்னைத் திறந்துவிட்டது. இத்தனை வருஷம் ஹாலில் உட்கார்ந்து கேட்ட சத்தம், எண்ணெய் என்றால் அடுத்தது கடுகு. படபடவென்று வெடித்துச் சட்டையெல்லாம் கடுகு. சரி, வெடித்தாயிற்று, உளுத்தம்பருப்பையும் போடுவோம் என்று போட்டேன். பிறகு பூண்டு, காய். காய் வேக வேண்டுமே என்று ஒரு குவளைத் தண்ணீர். மூடி.

ஹாலிலிருந்து குரல்: "மூடினா பச்சை போயிடும்."

எட்டிப் பார்த்தேன். சி. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்டயா சொன்னே?"

"நான் எங்க சொன்னேன்?"

பச்சை போய்விட்டது. கைலான் கீரை பழைய காக்கித் துணி நிறத்துக்கு வந்தது. பொரியலும் இல்லை, குழம்பும் இல்லை. தாய்லாந்து நிச்சயமாக இல்லை. மதியமும் ராத்திரியும் நானே சாப்பிட்டேன். சி. தயிர் சாதம்.

காலண்டரிடமாவது பேசினாளே.

9.10 வியாழன்

நல்ல வெயில். வேட்டி ஒருவழியாகக் காய்ந்தது. கண்ணாடி சரி பண்ணவில்லை. கூரை ஆளைக் கூப்பிடவில்லை.

இரண்டாவது ஒத்திகை. கடுகு டின்னை அலமாரியின் மேல் தட்டில், கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு ஆரம்பித்தேன். குவாலி புகைந்தது, பூண்டு பொரிந்தது, வீடு முழுக்க வாசனை. அடுத்த வீட்டுப் பையன் வேலிக்கு மேலே மூக்கை நீட்டினான். கேரட், சோளம் முதலில், கீரைத் தண்டு பிறகு, இலை கடைசியில். நிறம் நிற்கிறது! வெற்றி என்று நினைத்து வாயில் வைத்தேன். கடல் தண்ணீர். தௌச்சில் உப்பு, கிச்சாப்பில் உப்பு, போதாததற்கு நான் வேறு தனியாக உப்பு.

மிச்சத்தை மூடி வைத்துவிட்டுச் சாயங்காலம் நடக்கப் போனேன். கோயிலில் நவராத்திரிக் கூட்டம், மைக்கில் பாட்டு. திரும்பி வரும்போது செல்வத்தின் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் விரிப்பை சி. மாற்றியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைதான் மாற்றுவாள், இன்று வியாழன். ஆள் மேல் கோபம், விரிப்பு மேல் இல்லை.

ஹாட்யாய் ஒன்றும் தூரமில்லை, ரயில் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கிள்ளான் தூரமில்லை என்றும் அவன் வேலைக்குச் சேர்ந்தபோது இப்படித்தான் சொன்னேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் மகன். ஹாட்யாய் போனால் தீபாவளிக்கு மட்டும் மகனாகிவிடுவான். பிறகு அதுவும் போய் ஃபோனில் மட்டும். அவன் போகக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அந்தப் பெண் நல்லவளா, கெட்டவளா, சீனமா, தாய்லாந்தா, எனக்கு ஒன்றும் தெரியாது. என் மகன் அவளைப் பற்றிச் சொல்லும்போது முகம் கழுவி வந்தவன் மாதிரி இருந்தான். அது தெரியும்.

10.10 வெள்ளி

காலையில் தூறல். கூரை ஆள் வந்தான், பார்த்தான், "மழை நிக்கட்டும் அங்கிள்" என்றான். மழை நின்றால் நான் ஏன் இவனைக் கூப்பிடுகிறேன்.

சி. காபியை வைத்துவிட்டுப் போகிற போக்கில்: "கிச்சாப்லயே உப்பு இருக்கு. தனி உப்பு எதுக்கு?"

எனக்கு ஒரு நிமிடம் பிடிபடவில்லை. மூடி வைத்த மிச்சத்தை யாரும் தின்று பார்க்காமல் இது எப்படித் தெரியும்? கேட்கவில்லை. சாட்சி தானாகப் பேசும்போது குறுக்கே போகக் கூடாது.

மூன்றாவது ஒத்திகை. உப்பில்லை. சீனி துளி. தண்ணீர் தெளித்தபோது 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், ஆவி, எடுத்துத் தட்டில் கொட்டினேன். பச்சை பச்சையாக, ஆரஞ்சு ஆரஞ்சாக. கடித்தால் கேரட் சத்தம் போடுகிறது. நன்றாக இருந்தது. உண்மையாகவே நன்றாக இருந்தது. அறுபதை நெருங்கும் வயதில் ஒரு மனிதன் ஒரு தட்டுக் காய்கறியைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படலாமா தெரியவில்லை. நான் பட்டேன்.

சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பிப் பூ வைத்துக்கொண்டிருந்த சி.யிடம், சரியான நேரம் என்று நினைத்து, பேச்செடுத்தேன்.

"உனக்கு அந்தப் பொண்ணு மேல என்ன கோவம்? பாக்கக்கூட இல்லையே."

"கோவம் ஒண்ணுமில்ல."

"பின்னே?"

கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி நின்றாள். பிறகு எடுத்துவிட்டுச் சொன்னாள். "அவ பேசறது எனக்குப் புரியாது. நாளைக்கு ஒரு பேரப்புள்ள பொறந்தா அது பேசறதும் புரியாது. மூணு பேரும் சிரிப்பாங்க, நான் எதுக்குன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கணும். உங்க கோர்ட்டுல கூண்டுல நிக்குதுங்களே, அந்த மாதிரி. என் வீட்டுக்குள்ளயே."

"நான் இருக்கேனே, மொழிபெயர்த்துச் சொல்ல மாட்டேனா?"

"நீங்க எத்தனை நாளைக்கு?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். இத்தனை நாள் நான் அவளைப் பிடிவாதக்காரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்திருக்கிறாள். எனக்கு வருத்தமாக இருந்தது, கூடவே கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது. பிடிவாதத்துக்கு மருந்து கிடையாது, பயத்துக்கு உண்டு.

11.10 சனி

சாயங்காலம் உட்கார்ந்து எழுதுகிறேன். நல்ல வெயில் நாள். எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

காலையிலேயே சி. தலைக்குக் குளித்து அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாளுக்குப் படையல். சாம்பார், ரசம், வாழைக்காய்ப் பொரியல், நெய் விட்ட சர்க்கரைப் பொங்கல். "இது சாமிக்கு. வேற யாருக்கும் இல்ல" என்று கேட்காமலே சொன்னாள். எனக்கு ஓரமாக ஒரு அடுப்பு கிடைத்தது. நான் உரலில் பூண்டு தட்டும்போது திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், என்னவோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. வேலைநிறுத்தம் தொடர்கிறது என்று நினைத்தேன்.

மதியம் வந்தார்கள். நொய் சின்ன உருவம், தூக்கிக் கட்டிய முடி, கையில் ஒரு பெரிய பம்ளிமாஸ் பழம். வாசலிலேயே இரண்டு கையும் கூப்பி, தலை தாழ்த்தி, நம்மைப் போலவே கும்பிட்டாள். எனக்கு மனசு இளகிவிட்டது. ஆனால் சி. நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"பாத்தீங்களா? தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை! மொத மொதல்ல வீட்டுக்கு வர்ற பொண்ணு, தாலி அறுத்தவ மாதிரி வந்து நிக்குது."

அப்போதுதான் கவனித்தேன். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை, வெள்ளைக் கைக்குட்டை. செல்வத்துக்குச் சொல்லத் தோன்றவில்லையா? அவன் பல்லைக் காட்டிக்கொண்டு பம்ளிமாஸைத் தடவிக்கொண்டிருந்தான்.

வாழையிலை போட்டு நாலு பேரும் உட்கார்ந்தோம். என் காய்கறி நடுவில், பெரிய தட்டில், பூண்டு வாசனை கமகமவென்று. முதல் கரண்டி நொய்க்கு. நிறைய வைத்தேன். அடுத்தது சி.யின் இலையில், அவள் தடுக்கவில்லை. "திரிமா காசே, அங்கிள்" என்றாள் நொய், நன்றி என்று. பிறகு வெள்ளைச் சோற்றை எடுத்து, வெறும் சோற்றை, சாப்பிட ஆரம்பித்தாள்.

ஒரு வாய் சோறு. ஒரு வாய் தண்ணீர். சிரிப்பு. மறுபடி ஒரு வாய் சோறு.

எனக்கு வேர்த்துவிட்டது. மீன் சாறு போடாததால் பிடிக்கவில்லை. இல்லை, வேகவில்லை. இல்லை, வெந்துவிட்டது. செல்வம் எதையும் பார்க்கவில்லை, வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். "பா, அவங்க கடை மாதிரியே இருக்கு பா!" சி. மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு விருந்தாளி தன் வீட்டில் வெறும் சோறு தின்பதை அவளால் எவ்வளவு நேரம் பார்த்திருக்க முடியும்? எதிரியாக இருந்தாலும் முடியாது.

அவள் தொண்டையைச் செருமினாள். நான் உடனே, "என்ன கேக்கணும், சொல்லு, நான் மலாய்ல கேக்கறேன்" என்றேன்.

"நீங்க சும்மா இருங்க."

பாசாரில் சீன ஆன்டியோடு பேரம் பேசுகிற மலாயிலேயே கேட்டாள். "கெனாப்பா தக் மாக்கான்?" ஏன் சாப்பிடவில்லை.

நொய் முகம் சிவந்துவிட்டது. என்னைப் பார்த்தாள், என் தட்டைப் பார்த்தாள். "மாஆஃப், ஆன்டி. பாவாங் பூத்தே தக் போலே." மன்னியுங்கள், பூண்டு கூடாது. அவள் மலாயும் பாசார் மலாய்தான். எங்கோ எல்லைப் பக்கத்துப் பாசார். ஒன்பது விரலைக் காட்டினாள். "செம்பிலான் ஹாரி. செம்பாயாங்." ஒன்பது நாள், சாமி கும்பிடுவது. அந்தச் சீனக் கோயில் திருவிழா இதுதான். வெள்ளைச் சட்டைக் கையைப் பிடித்துக் காட்டி, "இனி பாஜு செம்பாயாங்." இது சாமிக்கு உடுத்துவது.

வாய் நிறையச் சோற்றோடு செல்வம்: "ஹே, பூண்டு சைவம்தானே?"

நானும் அதையேதான் கேட்க இருந்தேன்.

சி. அவனைக் கவனிக்கவில்லை. "ஒம்போது நாளா?" என்றாள் தமிழிலேயே. "நமக்கும் இப்ப ஒம்போது நாள்தானே நடக்குது?" பிறகு விசாரணை ஆரம்பம். வெங்காயத்தைக் கொண்டு வந்து காட்டினாள். நொய்: "தக் போலே." தயிர்க் கிண்ணத்தைக் காட்டினாள். "தக் போலே." நெய்க்கு மலாய்ச் சொல் தெரியாமல் டின்னையே தூக்கி வந்து முகரச் சொன்னாள். "தக் போலே." ஒவ்வொரு 'கூடாது'வுக்கும் சி.யின் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இந்த வீட்டில் யாராவது எதையாவது வேண்டாம் என்றால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"பாத்தியாடா செல்வம்? நம்மளவிடக் கெட்டி. நான்கூட தயிர் சேத்துப்பேன்."

அதற்குப் பிறகு சாமிக்கு மட்டும் என்று சமைத்ததெல்லாம் நொய் இலைக்கு வந்தது. "இனி தக் அடா பாவாங். இதுவும் தக் அடா. இது நல்லெண்ணெய், நெய் இல்ல, மாக்கான், மாக்கான்." இதில் பூண்டு இல்லை, சாப்பிடு. பாதி மலாய், பாதி தமிழ். சர்க்கரைப் பொங்கலைத் தானே எடுத்து அப்பால் வைத்துவிட்டு, வெல்லக்கட்டியும் வாழைப்பழமும் வைத்தாள். ரசத்தை எப்படி உள்ளங்கையில் வாங்கிக் குடிப்பது என்று செய்து காட்டினாள். நொய் குடித்தாள், முழங்கை வரை வழிந்தது, மறுபடி கையை நீட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்கென்று எனக்கு முழுக்கப் புரியவில்லை. நான்தான் அங்கே முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் சி.யின் இலை கண்ணில் பட்டது. நான் வைத்த காய்கறி அப்படியே ஓரத்தில். நொய் இலையில் எப்படி ஒதுங்கிக் கிடந்ததோ அப்படியே. தொடவில்லை.

"நீ ஏன் சாப்பிடல?"

"சனிக்கிழமை விரதத்துல நான் பூண்டு தின்னு நீங்க பாத்திருக்கீங்களா?"

இல்லை. பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவள் ரசத்தில் பூண்டு கிடையாது, சாம்பாரில் வெங்காயம் கிடையாது. அத்தனை வருஷமும் சாப்பிட்டிருக்கிறேன், நன்றாக இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறேன். சைவத்துக்குள் இன்னொரு சைவம் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் அர்த்தம் சொன்ன ஆள் நான்.

"காலையிலேயே சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்காகவா சமைச்சீங்க?"

செல்வத்துக்குப் புரையேறிவிட்டது. அவனும் நானுமாகத் தட்டைக் காலி செய்தோம். நன்றாகத்தான் இருந்தது, அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கிளம்பும்போது சி. உள்ளே போய்த் தட்டோடு வந்தாள். நவராத்திரிக்கு வீட்டுக்கு வரும் பெண்களுக்குக் கொடுப்பது, வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ. குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு வெள்ளைச் சட்டையைப் பார்த்து ஒரு கணம் தயங்கினாள். நொய்க்கு என்ன புரிந்ததோ, தானாகவே குனிந்து நெற்றியைக் காட்டினாள். சி. வைத்தாள். பூவையும் அந்தத் தூக்கிக் கட்டிய முடியில் எங்கே செருகுவது என்று தேடிச் செருகினாள்.

கேட்டில் செல்வம் என் காதில்: "அம்மா என்ன பா சொல்லுவாங்க?"

"தெரியலடா" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. விருந்தாளியை உபசரிப்பது வேறு, மகனைக் கொடுப்பது வேறு.

இப்போது கேட்டுப் பார்த்தேன். "பொண்ணு எப்படி?"

"ரசம் குடிக்கத் தெரியல" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்ப்பதற்குள் கோயிலுக்குப் போய்விட்டாள்.

12.10 ஞாயிறு

லேசான மழை. கூரை ஒழுகல், வாளி, வழக்கம்போல்.

விடிவதற்குள் சமையலறையில் சத்தம். போய்ப் பார்த்தால் என் குவாலியைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பூண்டு வாடை போகவே மாட்டேங்குது" என்று என்னைத் திட்டு. பக்கத்தில் நறுக்கி வைத்த கேரட், குட்டிச் சோளம், கைலான். எல்லாம் சாய்வாக, நான் நறுக்கியதைவிட அழகாக. மிளகாய், இஞ்சி. பூண்டு இல்லை. தௌச்சு போத்தலைத் திறந்து, முகத்தைச் சுளித்து, ஒரு கரண்டி போட்டாள். உப்பு போடவில்லை.

"யாருக்கு?"

"அவங்களுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாளாம். கோயில்ல யாரோ சமைச்சு என்னத்தப் போடுவாங்களோ." டிபன் கேரியரில் ஒரு அடுக்கு காய்கறி, ஒரு அடுக்கு சாதம், ஒரு அடுக்கு ரசம், கெட்டியாக மூடி. "ஏங்க, அம்பாங்குக்கு எந்த பஸ்?"

"செல்வம் வருவானே, அவன் காடியில போகலாமே."

"அவன் தூங்கி எந்திரிச்சு வர்றதுக்குள்ள ஆறிடும்."

செல்வத்துக்குத் தெரியாது. அவனிடம் வாங்கி வைத்திருந்த அத்தை வீட்டு விலாசம் என் சட்டைப் பையில். மினி பஸ், கூட்டம், நின்றுகொண்டே பாதி தூரம். பிறகு உட்கார இடம் கிடைத்தது. டிபன் கேரியர் அவள் மடியில், குழந்தையைப் பிடித்த மாதிரி இரண்டு கையாலும். வழி நெடுக வெள்ளை உடுத்தியவர்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டே இருந்தார்கள், கிழவர்கள், குழந்தைகள், எல்லாரும் வெள்ளை. சி. ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணோட அத்தை நம்மள யாருன்னு கேப்பாங்கல்ல?"

"கேப்பாங்க. நான் பேசிக்கறேன்."

"நீங்க பேச வேணாம். நானே சொல்லணும்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள். "மருமகளுக்கு மலாய்ல என்னங்க?"

அவள் பக்கம் முழுசாகத் திரும்பினேன். கோர்ட்டில் அந்தச் சொல்லை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"மெனாந்து" என்றேன். "ஆனா அது மருமகனுக்கும் பொது. பொண்ணுன்னு தெளிவா சொல்லணும்னா கூடவே பெரெம்புவான்னு சேத்து..."

"ஒரு வார்த்தை போதும்."

மெனாந்து, மெனாந்து என்று அம்பாங் வரைக்கும் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தாள்.